பீங்கான் சீமாட்டியின் முதுகு: சியாமென் முதல் குவாங்ஜோ வரை

சியாமென், செவ்வாய் இரவு

அக்காவும் நானும் சீனாவுக்கு வந்திருப்பது பீங்கான் மனிதர்களுக்காக. முந்நூறு வருடங்களுக்கு முன் சீனக் கைவினைஞர்கள் ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்து அனுப்பிய உருவங்கள் அவை. முக்கோணத் தொப்பி வைத்த கனவான், கழுத்தைச் சுற்றிக் கொசுவிய பட்டி அணிந்த சீமாட்டி, ஜோடியாக ஆடும் வெள்ளைக்காரர்கள், புராண மிருகத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் டச்சுக்காரன். இன்று அவற்றில் பெரும்பாலானவை டிரெஸ்டன், லண்டன், ஆம்ஸ்டர்டாம், அமெரிக்காவின் சேலம் என்று வாங்கியவர்களின் ஊர்களில்தான் இருக்கின்றன. செய்தவர்களின் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அக்கா மயிலாப்பூரில் தையல்கடை நடத்துகிறாள். துணி என்றால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதற்காகவே அவளைக் கூப்பிட்டேன். நான் அச்சிட்டு எடுத்துவந்த படக்கட்டை விமானத்தில் ஒன்றுவிடாமல் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, எல்லாம் முன்பக்கமாவே இருக்கே. முதுகு எப்படி இருக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. அருங்காட்சியகப் படங்கள் முன்பக்கத்தைத்தான் காட்டுகின்றன. பெட்டிகளும் பெரும்பாலும் சுவரோடு ஒட்டி நிற்கின்றன.

இன்று தங்கியிருக்கும் சியாமென், ஐரோப்பியர்களின் பழைய ஆவணங்களில் அமோய். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வணிகம் செய்தது. மதராஸிலிருந்தும் கப்பல்கள் வந்துபோயின. தெஹுவா மலையில் செய்த வெள்ளைப் பீங்கான் கப்பலேறிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. படகுத்துறையில் நின்று எதிரே குலாங்யூ தீவின் விளக்குகளைப் பார்த்தபடி அக்காவுக்கு ஜோசப் கோலெட்டின் கதையைச் சொன்னேன்.

கோலெட் சுமத்ராவின் பென்கூலனில் கம்பெனிக்குத் தலைமை வகித்துவிட்டு மதராஸ் வந்தவர். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவர். திருவொற்றியூர்ப் பக்கம் அவர் பெயரில் நெசவாளர்களுக்காக எழுந்த குடியிருப்புதான் இப்போது மெட்ரோ நிற்கும் காலாடிப்பேட்டை. அவரை எதிரே நிறுத்தி, 1716இல் ஒரு சீனக் கலைஞர் களிமண்ணில் உருவம் செய்தார். பெயர் அமோய் சின்குவா. பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது. பீங்கான் அல்ல, சுடாத மண்ணின் மேல் வண்ணம் பூசியது. உயரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. கோலெட் அதை இங்கிலாந்தில் இருந்த மகளுக்கு அனுப்பினார். முகச்சாயல் நன்றாக வந்திருக்கிறது, நிறம்தான் அவ்வளவு பொருந்தவில்லை, உடலின் அளவும் உடையும் அப்படியே என்று கடிதமும் எழுதினார். இப்போது அது லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் உடைமை.

"போட்டுக்கிட்டவனே உடுப்பு சரியா இருக்குன்னு சொல்றான்னா, அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் அக்கா. தையல்காரியின் தீர்ப்பு அது. நான் அதை முழுதாக ஏற்கிறேன். கோலெட் சின்குவாவின் முன்னால் நின்றார், நடந்தார், திரும்பினார். கோட்டின் பின்மடிப்பு எப்படி விழுகிறது என்று சின்குவா எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காரலாம். நாங்கள் தேடி வந்திருக்கும் பீங்கான் உருவங்களைச் செய்தவர்களுக்கு அந்த வசதி அநேகமாக இருந்ததில்லை.

சுவான்ஜோ, புதன்

இங்கே ஒரு நாள்தான். தமிழர் யாரும் இந்த ஊரைச் சும்மா கடந்துபோக முடியாது. 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவன் கோயில் எடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில்தான் கிடைத்தது. கோயில் போய்விட்டது. அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறி, சில கடல்சார் அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கின்றன. காய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்தாழ்வாரத்தில் இரண்டு தூண்களில் நரசிம்மரும் மருதமரத்தைச் சாய்க்கும் கண்ணனும் இருக்கிறார்கள். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பாட்டி அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தத் தொடர் பொம்மைகளைப் பற்றியது. நாளைக் காலை தெஹுவா பேருந்து.

தெஹுவா, வியாழன்

மலைப்பாதை முழுக்கத் தூறல். ஊர் நெருங்கியதும் சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கடைகள். கருணைத் தெய்வம் குவான்யின், சிரிக்கும் புத்தர், குதிரை, தேநீர்க் கிண்ணம், எல்லாமே அந்த ஒரு வெள்ளை.

அந்த வெள்ளைக்குக் காரணம் இந்த மலையின் மண். இரும்பு மிகக் குறைவு, பொட்டாசியம் அதிகம். பழைய தெஹுவா பீங்கானில் உடலுக்கும் மேல்மெருகுக்கும் நடுவே கோடு தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, விளக்கின் முன் பிடித்தால் உள்ளே ஒளி நுழையும். மிங் அரசமரபுக் காலத்தின் கடைசியில் சூளைக்குள் காற்றை வேண்டிய மட்டும் விட்டுச் சுட்டார்கள், அதனால் தந்தச் சாயல் வந்தது. பின்னால் வந்தவை பால்வெள்ளை, சில லேசான நீலம் ஓடியவை. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குச் 'சீன வெள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மதியம் சூதோகோங் சூளைக்குப் போனோம். சோங், யுவான் காலத்து டிராகன் சூளை. மலைச்சரிவில் ஏறிப் படுத்திருக்கும் நீளச் சூளைக்கு இங்கே அந்தப் பெயர்தான். 1976இல் தோண்டியெடுத்தார்கள். நீளம் 57 மீட்டர், பதினேழு அறைகள். கீழே நெருப்பு மூட்டினால் அனல் தானாகவே அறை அறையாக மேலே ஏறும். கூரைக்குக் கீழே பாதுகாத்திருக்கிறார்கள். சூளையின் ஓரமாக மேலே வரை நடந்தேன். ஓரிடத்தில் சரிவு காலைப் பிடித்து இழுக்கிறது. விறகையும் பச்சை மண் பாத்திரத்தையும் சுமந்து இதில் ஏறியவர்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அருங்காட்சியகம். மிங் காலத்து உருவச் சிற்பி ஹே சாவ்சோங் வழிவந்த குவான்யின்களின் முன் அக்கா நகரவே இல்லை. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி ஒரே ஓட்டமாக இறங்குகிறது. "இது பட்டு. கனமான பட்டு. தலைப்பை இடது கைக்கு மேல போட்டிருக்கா பாரு" என்றாள். ஹே சாவ்சோங் தன் முத்திரையை உருவத்தின் முதுகில் அழுத்தியவர். தெஹுவாக்காரர்களுக்கு முதுகு முக்கியம்தான். தெரிந்த துணியைத் தெரிந்த உடம்பின் மேல் போர்த்தும்போது பின்பக்கமும் தானாக வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட கைகள்தான் 1700ஐ ஒட்டிய காலத்தில் 'டச்சுக் குடும்பம்' என்ற உருவத்தொகுதியைச் செய்தன. என் படக்கட்டில் முதல் தாள் அது. ஒரு சாணுக்குள் அடங்கும் உயரம். முக்கோணத் தொப்பிக் கனவான் ஒரு பக்கம், மனைவி மறு பக்கம், அருகே சிறு பிள்ளைகள், காலடியில் நாயும் குரங்கும். சேகரிப்பாளர்கள் இதற்கு 'ஆளுநர் டஃப்' என்று பெயர் சூட்டினார்கள். படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) 1729 முதல் 1732 வரை டச்சுத் தலைமை ஆளுநராக இருந்த டீடெரிக் ஃபான் டுர்வென் என்பவரின் பெயர் மருவியது என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஏலப் பட்டியல்களிலேயே 'டச்சுக் குடும்பங்கள்' வந்துவிட்டன. ஆளுநர் பதவியேற்கும் முன்பே விற்றுப்போன பொம்மையில் ஆளுநர் எப்படி உட்கார்ந்திருப்பார்? அவர்கள் யாரோ ஒரு குடும்பம். அப்படியே விடலாம்.

தெஹுவா, வெள்ளி மாலை

இன்று ஒரு பட்டறையில் பாதி நாள். வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். அவர் மகன் கைபேசியில் மொழிபெயர்த்தான். அவன் எங்களை அத்தை, மாமா முறையில் அழைக்கிறான் என்று கருவி சொன்னது. நாங்களும் அவன் அப்பாவை ஐயா என்றே கூப்பிட்டோம்.

உருவத்தை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு வார்ப்புகளில் அழுத்தி எடுக்கிறார்கள். மண் தோல்போல இறுகியதும் விளிம்பைக் கீறி, குழைத்த மண்ணைத் தடவி இரண்டையும் ஒட்டுகிறார்கள். தலையும் கைகளும் தனி. விரல்களைச் சோளத்தட்டையின் கனத்தில் உருட்டி ஒவ்வொன்றாக ஒட்டினார் ஐயா. அடியில் துளை வைக்காவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூளையில் உருவத்தை வெடிக்க வைத்துவிடும். காய்ந்து, சுட்டு முடிக்கும்போது ஆறில் ஒரு பங்கு வரை சுருங்கும். அந்தக் கணக்கை முதலிலேயே கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

டச்சுக் குடும்பத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அக்கா தன் கேள்வியைக் கேட்டாள்.

அவர் பதில், மகனின் கைபேசி வழியாக வந்தபடி: "படத்தில் இருப்பதைப் படத்தைப் பார்த்துச் செய்வோம். இல்லாததை நமக்குத் தெரிந்தபடி செய்வோம்."

பிறகு படத்தில் கனவானின் கோட்டைத் தொட்டுக் காட்டினார். பொத்தான் வரிசை, தொப்பியின் மூன்று மூலை, காலணி. இவையெல்லாம் பார்த்துச் செய்தவை. சீமாட்டியின் மடியில் துணி விழும் விதத்தைத் தொட்டார். அது எங்கள் ஊர் மடிப்பு என்றார்.

அக்கா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். அவர் சொன்ன பிறகுதான் தெரிகிறது. நேற்று குவான்யினின் முழங்காலில் பார்த்த அதே இறக்கம். வெளிநாட்டுப் பாவாடைக்குள் தெஹுவாவின் பட்டு. இதை ஏதோ தெரியாமல் செய்த பிழை என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ட அடையாளத்தைத் துல்லியமாக வைத்துவிட்டு, காணாத இடத்தில் தன் தொழிலின் ஆகச்சிறந்ததை வைத்திருக்கிறார் அந்த மனிதர். வேறு எதை வைக்க முடியும்?

டிரெஸ்டனில் 'பலசாலி' அகஸ்டஸ் அரசன் தெஹுவாப் பீங்கானை ஆயிரத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தான். 1710இல் அவன் தொடங்கிய மைசென் பீங்கான் ஆலையின் ஆரம்ப வேலைகளில் தெஹுவாக் குவான்யினைப் பார்த்துச் செய்தவையும் உண்டு. அங்கே ஜெர்மன் கைவினைஞர்கள் தாங்கள் காணாத ஒரு தெய்வத்தைச் செய்தார்கள். இங்கே தெஹுவாக்காரர்கள் தாங்கள் காணாத ஒரு சீமாட்டியைச் செய்தார்கள்.

ஜிங்தேஜென், ஞாயிறு

தெருவிளக்குக் கம்பத்துக்குக்கூட நீல வெள்ளைப் பீங்கான் சட்டை போட்டிருக்கும் ஊர். 'கயோலின்' என்று உலகம் சொல்லும் மண்ணுக்குப் பெயர் கொடுத்த காவ்லிங் கிராமம் இங்கிருந்து பக்கம். தெஹுவா வெள்ளையோடு நிறுத்திக்கொண்டது. வண்ண உருவங்கள் இங்கே பிறந்தன.

ஃபிரான்சுவா சேவியர் தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் இங்கே வாழ்ந்து, பீங்கான் செய்யும் முறைகளை 1712இலும் 1722இலும் நீண்ட கடிதங்களாக எழுதினார். ஒரு பாத்திரம் எழுபது கைகளைக் கடக்கிறது என்பது அவர் பதிவுதான். நான் மறக்க முடியாத இடம் வேறு. அதிகாரிகள் பேரரசருக்குப் புதுமையாக ஏதாவது கொடுக்க விரும்பி அவரிடம் ஐரோப்பிய மாதிரிகள் கேட்பார்களாம். பட்டறைகளில் இருந்த கிறிஸ்தவர்களோ, தயவுசெய்து கொடுக்காதீர்கள் என்று கெஞ்சுவார்களாம். செய்ய வராது என்றால் வணிகர்கள் விட்டுவிடுவார்கள், அதிகாரிகள் விடமாட்டார்கள், வேலையாட்களுக்குப் பிரம்படி விழும். ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு படம் இந்த ஊர்க்காரனுக்கு அப்படியும் ஒரு பொருள் தந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அழகான உருவங்களைப் பார்க்கும்போது அந்தப் பிரம்பையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

படக்கட்டில் எனக்கு மிகவும் பிடித்தவளைச் சிற்பப் பீங்கான் ஆலைச் சந்துக்குள் ஒரு தேநீர்க்கடை மேசையில் விரித்து வைத்தோம். ஏறக்குறைய 1740இல் செய்த பெண் உருவம், 42 செ.மீ. உயரம் இருக்கும். கொசுவிய கழுத்துப்பட்டி, இரண்டு பக்கமும் இறக்கைபோல் விரிந்த தலையணி, இளஞ்சிவப்பும் பச்சையுமாக எனாமல். இதே உருவம் பல பிரதிகளாகக் கிடைத்திருக்கிறது. நெடுங்காலம் இவளை டச்சுக்காரி என்றே அழைத்தார்கள். பின்னால் ஆய்வாளர்கள் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். 1703இல் நியூரம்பெர்க்கில் கிறிஸ்டோஃப் வைகல் வெளியிட்ட, பல நாட்டு மக்களின் உடைகளைக் காட்டும் தொகுப்பில் காஸ்பர் லைகென் வரைந்த படம் அது. அவள் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து யூதப் பெண்.

அக்கா கழுத்துப்பட்டியிலேயே நின்றுவிட்டாள். ஐரோப்பாவின் நாகரிகச் சீமாட்டிகள் அதை எப்போதோ கைவிட்டிருந்தார்கள் என்று சொன்னேன். ஃபிராங்க்ஃபர்ட் யூதப் பெண்கள் ஓய்வுநாளுக்குரிய மரபு உடையாக அதை வைத்திருந்தார்கள். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பண்டிகை உடை காகிதத்தில் ஏறி, கடல் கடந்து, நாற்பது வருடம் கழித்து ஜிங்தேஜெனில் உருண்டு திரண்டு, 'நாகரிகமான ஐரோப்பியப் பெண்' என்று மறுபடி ஐரோப்பாவின் வரவேற்பறைக்கே போய் நின்றிருக்கிறது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவள் யார் என்று தெரிந்திருக்கும்?

அச்சிட்ட படத்துக்கு முதுகு கிடையாது. 42 செ.மீ. உருவத்துக்கு அது இல்லாமல் முடியாது. பாவாடையின் பின்கொசுவம், இடுப்பு நாடா எங்கே முடிகிறது, தலையணி பின்னால் எதில் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் இந்த ஊரில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகள் முழுக்க அவருடையவை. இந்தப் பெண்ணின் முன்பக்கம் லைகெனுடையது என்றால், பின்பக்கம் பெயர் தெரியாத ஒரு ஜிங்தேஜென்காரருடையது.

"நானும் அப்படித்தான் தைப்பேன்" என்றாள் அக்கா. "சினிமா ஃபோட்டோவைக் காட்டி இதேமாதிரி ரவிக்கை வேணும்பாங்க. முன்கழுத்து படத்துல இருக்கும். பின்கழுத்து என்னோடது."

கடைக்காரப் பெண் தேநீரை மறுபடி நிரப்பிவிட்டு, படத்தை எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

குவாங்ஜோ, செவ்வாய்

பழைய கான்டன். ஜிங்தேஜெனில் வெள்ளையாகச் சுட்ட பீங்கானில் ஒரு பெரும் பகுதி, கான் ஆற்றில் படகேறி, மெய்லிங் கணவாயைச் சுமைகூலிகளின் தோளில் கடந்து இங்கே வந்தது. இங்கிருந்த பட்டறைகள் எனாமல் தீட்டி இரண்டாம் முறை, குறைந்த வெப்பத்தில் சுட்டன. அந்த இளஞ்சிவப்பு தங்கத்திலிருந்து எடுப்பது. 1720களில் சீனாவில் பரவிய நிறம், ஐரோப்பாவிலிருந்து வந்த நுட்பம்.

1757இல் ஐரோப்பியக் கடல்வணிகம் முழுவதையும் இந்த ஒரு துறைமுகத்துக்குள் அடைத்தார் சியன்லோங் பேரரசர். பதின்மூன்று ஹோங் என்று அழைக்கப்பட்ட வணிக இல்லங்கள் ஆற்றங்கரையில் வரிசையாக நின்றன. 1856இல் தீயில் அழிந்தன. இப்போது அந்த இடத்தில் கலாச்சாரப் பூங்காவும் அதற்குள் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பக்கத்துப் பதின்மூன்று ஹோங் சாலையோ ஆயத்த ஆடை மொத்தச் சந்தை! மூட்டை மூட்டையாகச் சட்டைகள் தள்ளுவண்டியில் ஓடுகின்றன. ஐரோப்பிய நாகரிகத்தைப் பீங்கானில் செய்து விற்ற இடத்தில் இன்று உலகத்துக்கே உடுப்பு விற்கிறார்கள். அக்காவைப் பிறகு மாலையில்தான் பார்த்தேன்.

நான் ஷாமியன் தீவின் ஆலமரங்களுக்குக் கீழே உட்கார்ந்து ஹாரியட் லோவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் கான்டனுக்குள் மேலைநாட்டுப் பெண்கள் வரக்கூடாது. கப்பலோடு வந்தவர்கள் மக்காவ் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்க வேண்டும். 1830இல் சேலம் நகரத்து அமெரிக்கப் பெண் ஹாரியட் லோ தன் அத்தையுடன் இங்கே வந்தபோது, வணிகத்தையே நிறுத்திவிடுவோம் என்று அதிகாரிகள் மிரட்டினார்கள். சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். அப்படியென்றால் அந்தத் தடைக் காலத்தில் சீமாட்டி உருவங்களுக்கு வண்ணம் தீட்டிய கான்டன் ஓவியர், எதிரே ஆற்றங்கரையில் ஐரோப்பிய ஆண்களைத் தினமும் பார்த்திருக்கலாம். பெண்ணைப் பார்த்திருக்க வழியில்லை. கன்னத்தின் சிவப்பு எவ்வளவு என்று அவர் எதை வைத்துத் தீர்மானித்தார்?

ஆண்களைப் பொறுத்தவரை இங்கே சின்குவாவின் கலை செழித்தது. மாலுமிகளும் வணிகர்களும் பட்டறையில் உட்கார்ந்து தங்கள் உருவத்தைக் களிமண்ணில் செய்வித்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒரு கலைஞர், சிட்குவா, 1769இல் தானே கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார். மறுவருடம் ராயல் அகாடமி கலைக் கண்காட்சியில் அவர் வேலை இடம்பெற்றது. அகாடமி உறுப்பினர்களை யோஹான் ஸோஃபனி வரைந்த குழுப்படத்தில் பின்வரிசையில் அவர் முகமும் இருக்கிறது. சீனரைப் பார்த்திராத லண்டன்காரர்கள் அவரைப் பார்க்கத் திரண்டார்கள். அவரோ லண்டன்காரர்களைப் பார்த்து மண்ணில் பிடித்தார். அப்படிச் செய்த ஒரு மருத்துவர், அந்தோனி ஆஸ்க்யூ, இன்றும் ராயல் மருத்துவர் கல்லூரியில் நிற்கிறார். அக்காவிடம் அவர் படத்தைக் காட்டினேன். கோட்டு தோளில் உட்கார்ந்திருக்கும் விதம் ஒன்றே போதும், இது ஆளைப் பார்த்து எடுத்த அளவு என்றாள்.

நாளை ஊர் திரும்புகிறோம். லண்டனில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கல்லூரி ரீஜெண்ட்ஸ் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. போனால், முன் அனுமதி கேட்டுக்கொண்டு, ஆஸ்க்யூவின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கோட்டின் நடுத்தையல் தெரிய வேண்டும், கீழ்விளிம்பு வரை வர வேண்டும் என்று அக்கா சொல்லச் சொன்னாள்.